நான்கு பக்கம் தெரிந்தால் போதுமா?

மனை, வயல், கிணறு, தரை என்று எதை அளப்பதில் சந்தேகம் இருந்தாலும் எழுதுங்கள் என்று போன இதழில் சொல்லியிருந்தேன். எழுதிவிட்டீர்கள். முப்பது வருஷத்துக்கு மேல் நில அளவையில் வேலை பார்த்தவனுக்கு ஓய்வுக் காலத்திலும் விடுதலை இல்லை போலிருக்கிறது. எல்லாக் கடிதத்துக்கும் இங்கே இடம் போதாது. முதல் கடிதத்துக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன். காரணம், அதே கேள்வி வேறு வேறு ஊர்ப் பெயரோடு ஏழெட்டுக் கடிதங்களில் வந்திருக்கிறது.

வாசகி, மன்னார்குடி: வீட்டு மனை ஒன்றுக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறோம். பத்திர நகலில் கிழமேல் தென்புறம் 40 அடி, வடபுறம் 50 அடி, தென்வடல் மேல்புறம் 60 அடி, கீழ்புறம் 62 அடி என்று போட்டிருக்கிறது. எதிரெதிர்ப் பக்கங்களுக்குச் சராசரி எடுத்து, 45-ஐ 61-ஆல் பெருக்கி 2,745 சதுர அடி என்கிறார் புரோக்கர். சதுர அடி 1,400 ரூபாய். பிளஸ் ஒன் படிக்கும் என் மகன் 'இந்தக் கணக்கு தப்பும்மா' என்கிறான். 'அப்போ சரியான கணக்கைச் சொல்லுடா' என்றால் முழிக்கிறான். யார் சொல்வது சரி?

மகன் சொல்வது சரி. அவன் முழித்ததும் சரிதான் அம்மா. நீங்கள் எழுதியிருக்கும் நான்கு எண்களை வைத்துக்கொண்டு அந்த மனையின் பரப்பை யாராலும் சொல்ல முடியாது. நானும் சொல்ல மாட்டேன்.

ஆணி தளர்ந்துபோன பழைய கட்டில் சட்டத்தை நினைத்துப் பாருங்கள். நான்கு கட்டையும் அதே நீளம்தான். ஆனால் ஒரு பக்கம் கை வைத்து அழுத்தினால் சட்டம் சாய்ந்துகொண்டே போகும். பக்கத்துக்கு 10 அடி என்று வைத்துக்கொள்வோம். நேராக நிற்கும்போது உள்ளே 100 சதுர அடி. எதிர்ப் பக்கங்களுக்கு நடுவே 8 அடி இருக்கும்படி சாய்த்தால் 80. இன்னும் அழுத்திக்கொண்டே போனால் கட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி உள்ளே ஒன்றுமே மிஞ்சாது. சராசரிக் கணக்கைக் கேட்டால் எந்த நிலையிலும் 100 என்றுதான் சொல்லும். சட்டம் சாய்ந்த விஷயம் அதற்குத் தெரியவே தெரியாது.

சாய்வைச் சொல்வது மூலைவிட்டம். நாங்கள் வேலையில் 'குறுக்கு' என்போம். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு டேப்பைப் பிடித்து ஒரே ஒரு அளவு எடுத்துவிட்டால் நாற்கரம் இரண்டு முக்கோணமாகிவிடும். முக்கோணத்தை யாராலும் சாய்க்க முடியாது. மூன்று பக்கம் தெரிந்தால் அதன் உருவம் தீர்மானமாகிவிட்டது.

இது இன்று நேற்றுக் கண்டுபிடித்த சங்கதி இல்லை. 1150-ஆம் ஆண்டு வாக்கில் இரண்டாம் பாஸ்கரர் எழுதிய லீலாவதியில் இதற்கென்றே ஒரு திட்டு இருக்கிறது. மூலைவிட்டமோ செங்குத்தோ எதையும் சொல்லாமல் நாற்கரத்தின் பரப்பு என்ன என்று கேட்பவன் ஒரு பிசாசு. அதற்கு விடை சொல்பவன் அவனைவிடப் பெரிய பிசாசு என்கிறார். உங்களைப் பிசாசு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புரோக்கரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

உங்கள் கடிதம் வந்ததும் தென்மேற்கு மூலையிலிருந்து வடகிழக்கு மூலைக்கு அளந்து எழுதச் சொன்னேன். மகனும் நீங்களும் போய் அளந்து 65 அடி என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போது கணக்குப் போடலாம்.

முதல் முக்கோணத்தின் பக்கங்கள் 40, 62, 65. மூன்றையும் கூட்டினால் 167. அதில் பாதி 83.5. இந்த 83.5-லிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாகக் கழித்தால் 43.5, 21.5, 18.5. இந்த மூன்றையும் 83.5-ஐயும் சேர்த்துப் பெருக்கி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். செல்போனில் இருக்கும் கால்குலேட்டரே போதும். 1,202 சதுர அடி வரும். இரண்டாவது முக்கோணம் 65, 50, 60. அதே வழியில் 1,425. இரண்டும் சேர்ந்து 2,627 சதுர அடி.

புரோக்கர் சொன்னதற்கும் இதற்கும் 118 சதுர அடி வித்தியாசம். 1,400 ரூபாய் வீதம் 1,65,200 ரூபாய். மகனுக்கு ஒரு நல்ல சைக்கிள் வாங்கிக் கொடுத்துவிட்டு மிச்சத்தைப் பேசிக் குறையுங்கள். (இந்த வழிக்கு ஹீரோன் சூத்திரம் என்று பெயர். பையனின் ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தை எடைக்குப் போடாமல் இருந்தால் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.)

இன்னொரு குறுக்கையும் அளந்துவிடுங்கள். தென்கிழக்கு மூலையிலிருந்து வடமேற்கு மூலைக்கு ஏறக்குறைய 84 அடி 10 அங்குலம் வர வேண்டும். வந்தால் எல்லா அளவும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறது என்று அர்த்தம். ஓரடி, இரண்டடி பிசகினால் எங்கேயோ டேப் தொய்ந்திருக்கிறது, அல்லது யாரோ ஒரு கல்லை நகர்த்தியிருக்கிறார்கள். இரண்டாவது ரகத்தையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சராசரிக் கணக்கு சில சமயம் கூடுதலாகவும் சில சமயம் குறைவாகவும் காட்டுமா, போகட்டும், ஒன்றுக்கொன்று சரியாகிவிடுமா என்று சிலர் கேட்கிறார்கள். அப்படி நடக்காது. அது எப்போதும் கூடுதலாகத்தான் காட்டும். நான்கு மூலையும் துல்லியமான செங்கோணமாக இருந்தால் மட்டும் சரியாக வரும். காரணம் இதுதான். ஒவ்வொரு மூலையிலும் சேரும் இரண்டு பக்கங்களை வைத்து ஒரு முக்கோணம் எடுத்தால், நான்கு மூலைக்கும் நான்கு முக்கோணம். அவற்றின் கூட்டுத்தொகை மனையின் பரப்பைப்போல் சரியாக இரண்டு மடங்கு. இரண்டு பக்கங்களை வைத்து அமையும் முக்கோணம் மிகப் பெரிதாக இருப்பது அந்த மூலை செங்கோணமாக இருக்கும்போதுதான். சராசரிக் கணக்கு நான்கு மூலையையும் செங்கோணம் என்று நினைத்துக்கொண்டு பெருக்குகிறது. அதனால் குறைத்துக் காட்ட அதற்கு வழியே இல்லை. உங்கள் நான்கு பக்கங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். எப்படிச் சாய்த்து, எப்படி நிமிர்த்தி வைத்தாலும் அவற்றுக்குள் 2,735-க்கு மேல் அடங்காது. 2,745 என்ற மனை இந்த உலகத்தில் இல்லை. குறுக்கு 55 அடியாக இருந்திருந்தால் வெறும் 2,370 தான்.

ஆக, விற்பவருக்கு இந்தக் கணக்கு பிடிக்கும். ஆனால் வரி கட்டுபவருக்குப் பிடிக்காது. அதை நான் கற்றுக்கொண்டது என் சொந்தத் தப்பிலிருந்து. எண்பதுகளின் தொடக்கம். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. டெல்டாவில் ஒரு கிராமம். வயலில் நெல் கதிர் முற்றி நின்றது. குறுக்குப் பிடிக்க வேண்டுமானால் கதிரை மிதித்துக்கொண்டு செயின் இழுக்க வேண்டும். எனக்குச் சங்கடமாக இருந்தது. சோம்பலாகவும் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்ளலாம். வரப்பு நான்கையும் அளந்து சராசரி போட்டு எழுதிவிட்டேன். என்னைவிட இருபது வயது மூத்த செயின்மேன் ஒன்றும் பேசாமல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் பிறகுதான் புரிந்தது.

மறுநாள் நிலத்துக்காரர் வந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். "சாமி, எங்க அப்பா காலத்திலேருந்து இந்த வயலுக்கு இத்தனை கட்டு நாத்துன்னு ஒரு கணக்கு இருக்கு. ஒரு கட்டு கூடக் கூடினது கிடையாது. உங்க நோட்டுல மட்டும் எப்படி வயல் பெருத்துச்சு? கூடுதல் கிஸ்தியை நீங்க கட்டுவீங்களா?" என்று கேட்டார். அறுப்பு முடியும்வரை காத்திருந்து, தாளடியில் நடந்து குறுக்குப் பிடித்தேன். அவர் நாற்றுக் கட்டுதான் சரி. என் கணக்கில் ஏழு சென்ட் காற்று கலந்திருந்தது.

வாசகர், திண்டிவனம்: அப்பா பெயரில் இருந்த பட்டாவில் பரப்பு 0 - 12.50 என்று இருக்கிறது. 31 சென்ட் என்று சொல்லித்தான் அப்பா வாங்கினாராம். மீதி எங்கே போயிற்று?

எங்கேயும் போகவில்லை. 12.50 என்பது சென்ட் இல்லை, ஏர். முன்னால் இருக்கும் பூஜ்யம் ஹெக்டேர். ஒரு ஏர் என்பது 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதாவது 100 சதுர மீட்டர். சென்ட்டில் 2.47. உங்கள் 12.5-ஐ 2.47-ஆல் பெருக்குங்கள், 30.9 வரும். அப்பா ஏமாறவில்லை. இந்த ஒரு குழப்பத்தால் அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுபோன வீடுகள் எனக்குத் தெரியும்.

வாசகர், கோயம்புத்தூர்: ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பது என்ன விசித்திரமான எண்? 400 என்றோ 500 என்றோ வைத்திருக்கக் கூடாதா?

வைத்தவர்கள் அடியில் அளக்கவில்லை, சங்கிலியில் அளந்தார்கள். 1620-இல் எட்மண்ட் குந்தர் என்ற ஆங்கிலேயர் 66 அடி நீளத்தில் 100 கண்ணிகள் உள்ள ஒரு சங்கிலியைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ஒரு கண்ணிக்கு நாங்கள் 'லிங்க்ஸ்' என்போம், 7.92 அங்குலம். ஒரு சங்கிலி அகலம், பத்துச் சங்கிலி நீளம் இருந்தால் ஓர் ஏக்கர். 66-ஐ 660-ஆல் பெருக்கிப் பாருங்கள், 43,560. அதில் நூறில் ஒன்றுதான் உங்கள் 435.6.

அடியில் பார்த்தால் அசிங்கமாக இருக்கும் இந்த எண், லிங்க்ஸில் பார்த்தால் அழகு. 1,000 சதுர லிங்க்ஸ் ஒரு சென்ட். 250 லிங்க்ஸ் நீளம், 120 லிங்க்ஸ் அகலம் என்றால் 30,000. கடைசி மூன்று பூஜ்யத்தைத் தட்டிவிட்டால் 30 சென்ட். பேனாவே வேண்டாம், நடந்துகொண்டே சொல்லிவிடலாம். மெட்ரிக் வந்தபோது நான் சந்தோஷப்பட்டவன்தான். ஆனாலும் அந்தச் சங்கிலியின் சாமர்த்தியத்தைக் குறைத்துப் பேச மனம் வராது.

வாசகர், கும்பகோணம்: தாத்தா காலத்துப் பத்திரத்தில் '2 மா 35 குழி' என்று இருக்கிறது. இன்றைய கணக்கில் எவ்வளவு?

தஞ்சாவூர்ப் பக்கத்து வழக்கில் குழி என்பது 12 அடிக் கோலால் ஒரு கோல் சதுரம், அதாவது 144 சதுர அடி. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. உங்கள் நிலம் 235 குழி. 144-ஆல் பெருக்கினால் 33,840 சதுர அடி, சென்ட்டில் 77.7. அவசரத்துக்கு மூன்று மா ஓர் ஏக்கர் என்று ஊரில் சொல்வார்கள். ஒரு மா 33 சென்ட் சொச்சம் என்பதால் அது கிட்டத்தட்ட சரி.

'மா' என்பது முதலில் ஒரு பின்னத்தின் பெயர். இருபதில் ஒரு பங்குக்குப் பழைய தமிழ்க் கணக்கில் மா என்று பெயர். வேலியில் மா பங்கு நிலமே ஒரு மா நிலம்.

ஒரு எச்சரிக்கை. 'குழி' என்ற சொல்லை மட்டும் பார்த்துவிட்டு 144-ஆல் பெருக்கிவிடாதீர்கள். செங்கல்பட்டுப் பக்கத்துக் காணிக்கணக்கில் கோல் 24 அடி. குழி 576 சதுர அடி. அதே பெயர், நான்கு மடங்கு நிலம். கோல் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும் என்பதை வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. சோழர் காலத்திலும் இதே தொல்லைதான். 12 சாண் கோல், 16 சாண் கோல், 18 சாண் கோல் என்று கல்வெட்டுகளில் வெவ்வேறு கோல்கள் வருகின்றன. எந்தக் கோல் என்று தகராறு வரக் கூடாது என்பதற்காகவே பல கோயில் சுவர்களில் கோலின் நீளத்தைக் கோடாக வெட்டி வைத்திருக்கிறார்கள். சந்தேகம் வந்தால் சுவரில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். அடுத்த முறை பிராகாரம் சுற்றும்போது அடித்தளக் கல்லில், இரண்டு முனையிலும் குறியிட்ட நீளக்கோடு தெரிந்தால் கொஞ்சம் நின்று பாருங்கள்.

ஆகவே பத்திரத்தில் கோலின் அளவு எழுதியிருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இல்லாவிட்டால், அதே நிலத்துக்கு இப்போதிருக்கும் புல எண்ணைக் கண்டுபிடித்து, புலப்படத்தோடு ஒப்பிடுவதுதான் வழி.

வாசகர், ஒட்டன்சத்திரம்: வட்டக் கிணற்றுக்கு மேலே வலை போட வேண்டும். உள்ளே இறங்கி மையம் எது என்று பார்க்க முடியாது. வெளியே கயிறு சுற்றிப் பார்த்ததில் 44 அடி. எத்தனை சதுர அடி வலை வாங்குவது?

நீங்கள் செய்ததுதான் சரியான வேலை. மையத்தைத் தேடிப் போகவே வேண்டாம். சுற்றளவில் பாதியையும் விட்டத்தில் பாதியையும் பெருக்கினால் பரப்பு 'சட்டென' வரும் என்று கணக்கதிகாரம் என்ற பழைய தமிழ்க் கணக்கு நூல் ஒரு குறளளவில் சொல்லிவிடுகிறது. சுற்று 44. அதை 22-ஆல் வகுத்து 7-ஆல் பெருக்கினால் விட்டம் 14. பாதிச் சுற்று 22, பாதி விட்டம் 7. பெருக்கினால் 154 சதுர அடி.

இது எப்படி வருகிறது என்று கேட்பவர்களுக்கு: ஓர் ஊத்தப்பத்தை மையத்திலிருந்து மெல்லிய முக்கோணத் துண்டுகளாக வெட்டுங்கள். ஒன்று நேராக, ஒன்று தலைகீழாக என்று மாற்றி மாற்றி அடுக்குங்கள். துண்டுகள் மெல்லியதாக ஆக ஆக அது ஒரு செவ்வகம் மாதிரி ஆகிவிடும். நீளம் பாதிச் சுற்று, உயரம் பாதி விட்டம். சாப்பிட்டுவிட்டால் ஆதாரம் போய்விடும், அதனால் முதலில் அளந்துவிடுங்கள்.

ஆனால் 154 சதுர அடி வலை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள்! வலை வட்டமாக விற்பதில்லை. 14 அடி விட்டத்துக்குக் குறைந்தது 14-க்கு 14 சதுரம், 196. ஓரத்தில் மடித்துக் கட்ட எல்லாப் பக்கமும் ஓரடி வேண்டுமே. 16-க்கு 16, ஆக 256 சதுர அடி. அப்புறம், உங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரர் கிணறு 28 அடி விட்டம் என்றும், 'எனக்கு உன்னைப்போல் ரெண்டு மடங்கு வலை போதும்' என்கிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவர் கிணற்றின் வாய் 616 சதுர அடி. நான்கு மடங்கு. கடைக்குப் போகும் முன்னே சொல்லிவிடுங்கள்.

வாசகி, விராலிமலை: ஆட்டுப் பட்டி போட 100 அடி வலைக் கம்பி இருக்கிறது. இதற்குள் எவ்வளவு இடம் கிடைக்கும்?

கம்பி நூறடிதான், இடம் மட்டும் உங்கள் கையில். 45-க்கு 5 என்று நீளவாக்கில் அடித்தால் 225 சதுர அடி. 40-க்கு 10 என்றால் 400. சதுரமாக 25-க்கு 25 என்றால் 625. வட்டமாக வளைத்தால் 795-க்குக் கொஞ்சம் மேல். செவ்வகமாகப் போடுவதென்றால் சதுரத்தை மிஞ்ச முடியாது; எந்த உருவமானாலும் வட்டத்தை மிஞ்ச முடியாது.

உங்கள் வீட்டுப் பின்சுவர் நீளமானது என்று எழுதியிருப்பதைக் கவனித்தேன். சுவர் 50 அடி இருக்குமா? இருந்தால் அதையே ஒரு பக்கமாக வைத்துக்கொண்டு, சுவரிலிருந்து 25 அடி வெளியே, 50 அடி குறுக்கே, திரும்ப 25 அடி உள்ளே. அதே நூறடிக் கம்பியில் 1,250 சதுர அடி. ஆடுகள் உங்களுக்கு நன்றி சொல்லும். சுவரில் காரை உதிர்ந்தால் என்னைத் திட்டாதீர்கள்.

டிப்ளமோ மாணவர், திருவாரூர்: ஒரு பக்கம் நேர்க்கோடு, மறு பக்கம் வாய்க்கால் வளைந்து போகும் துண்டு நிலம். எந்தச் சூத்திரத்திலும் அடங்கவில்லை. எப்படி அளப்பது?

தம்பி, நிலத்தில் பெரும்பாதி இப்படித்தான் இருக்கும். சூத்திரத்துக்குள் அடங்கும் நிலம் பாடப்புத்தகத்தில்தான். வளைவுக்குப் பக்கத்தில் ஒரு நேர்க்கோட்டைப் போட்டுக்கொள். அந்தக் கோட்டில் 10 மீட்டருக்கு ஒரு முறை நின்று, செங்குத்தாக வாய்க்கால் கரை வரைக்கும் தூரம் எடு. அதைத்தான் ஆஃப்செட் என்கிறோம். உதாரணமாக 60 மீட்டர் கோட்டில் இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்: 0, 3.2, 4.6, 5.0, 4.1, 2.4, 0.

அடுத்தடுத்த இரண்டு ஆஃப்செட்டுக்கு நடுவில் இருப்பது ஒரு சரிவகம். ஒவ்வொன்றாகப் போட்டுக் கூட்டலாம். ஆனால் நடுவில் இருக்கும் ஒவ்வொரு ஆஃப்செட்டும் இடப்பக்கச் சரிவகத்தில் பாதி, வலப்பக்கச் சரிவகத்தில் பாதி என்று ஒரு முழுதாகச் சேர்ந்துவிடும். முதலும் கடைசியும் மட்டும் பாதி. இங்கே இரண்டும் பூஜ்யம். ஆகவே நடு ஐந்தையும் கூட்டு: 19.3. பத்தால் பெருக்கு: 193 சதுர மீட்டர். 1.93 ஏர், ஏறக்குறைய 4.8 சென்ட்.

சிம்சன் விதி என்று ஒன்று உங்கள் பாடத்தில் வரும். இன்னும் நெருக்கமாக வரும், போட்டுப் பார். ஆனால் நான் பார்த்தவரை, விதி மட்டமாக இருந்ததால் வந்த பிழையைவிட, ஆஃப்செட்டைச் செங்குத்தாகப் பிடிக்காததால் வந்த பிழைதான் அதிகம். வெயில் ஏறினால் கண்மதிப்பில் பிடிக்கத் தோன்றும். செங்கோணம் பிடிக்க உதவும் கிராஸ் ஸ்டாஃபைக் கையில் வைத்திரு. கரை சட்டென்று திரும்பும் இடத்தில் பத்து மீட்டர் ஆகவில்லையே என்று காத்திராமல் அங்கேயே ஒரு அளவு எடுத்துவிடு. அந்தத் துண்டை மட்டும் தனிச் சரிவகமாகப் போட்டுக்கொள்ளலாம்.

வாசகர், ஏற்காடு: மலைச்சரிவில் மனை. தரையோடு டேப்பைப் படுக்க வைத்து அளந்தால் 100-க்கு 80, ஆக 8,000 சதுர அடி. பதிவில் அதைவிடக் குறைவாக இருக்கிறது. மீதியை யார் சாப்பிட்டார்கள்?

யாரும் சாப்பிடவில்லை. வரைபடத்தில் காட்டுவது சரிவின் மேல்தோலை இல்லை, மேலேயிருந்து பார்த்தால் தெரியும் மட்டமான பரப்பை. உங்கள் 100 அடியில் 30 அடி ஏற்றம் என்றால், மட்ட தூரம் 95.4 அடிதான். 80-ஆல் பெருக்கினால் சுமார் 7,630. ஏமாற்று மாதிரி தோன்றும், ஆனால் நியாயம் இருக்கிறது. கட்டிடம் எழும்போது தரை மட்டமாகத்தான் போடுவீர்கள், மரமும் சரிவுக்குச் செங்குத்தாக முளைக்காமல் வானத்தைப் பார்த்துத்தான் முளைக்கும். அடுத்த முறை அளக்கும்போது டேப்பை மட்டமாகப் பிடித்து, நுனியிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, படிப்படியாக இறங்குங்கள். இரண்டு பேர் வேண்டும். ஒருவருக்கு முட்டிவலி இல்லாமல் இருந்தால் நல்லது.

ஒன்பதாம் வகுப்பு மாணவி, விருதுநகர்: செவ்வகத்துக்கு நீளத்தையும் அகலத்தையும் பெருக்கினால் போதும் என்கிறார்கள். ஆனால் எங்கள் வீட்டு ஹால் செவ்வகம்தான் என்று எப்படித் தெரியும்?

இந்த மாதத்தின் நல்ல கேள்வி உன்னுடையதுதான் பாப்பா. எதிரெதிர்ச் சுவர்கள் சமமாக இருப்பது மட்டும் போதாது. சாய்ந்த கட்டில் சட்டத்திலும் அது சமம்தான். டேப்பை எடுத்து இரண்டு குறுக்கையும் அள. எதிரெதிர்ச் சுவர்களும் சமம், குறுக்கு இரண்டும் சமம் என்றால் செவ்வகம்.

ஹாலில் சோபாவும் பீரோவும் கிடந்தால் குறுக்குப் பிடிக்க முடியாது. அப்போது மூலைக்கு மூலை பார்க்க வேண்டியதுதான். ஒரு சுவரில் மூலையிலிருந்து 3 அடியில் பென்சிலால் ஒரு புள்ளி, அடுத்த சுவரில் 4 அடியில் ஒரு புள்ளி. இரண்டுக்கும் நடுவில் சரியாக 5 அடி வந்தால் அந்த மூலை செங்கோணம். கொத்தனார்கள் அஸ்திவாரத்துக்குக் கயிறு கட்டும்போது இதைத்தான் செய்கிறார்கள். 5 அடிக்கு மேலே வந்தால் மூலை விரிந்திருக்கிறது, குறைந்தால் குறுகியிருக்கிறது. ஓர் அங்குலம் வரை பிசகினால் வீட்டில் சொல்லாதே, உங்கள் கொத்தனார் பாவம்.